வாடும் அழகும் வாடாக் குப்பையும்

(ஆண்டுத் திருவிழாவை முன்னிட்டுக் கூட்டப்பெற்ற உபயக்காரர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் ஆண்டுத் திருவிழா மீண்டும் நெருங்கி வருகின்றது. கொடியேற்றம், நாள் உபயங்கள், இரத ஊர்வலம், அன்னதானம் எனப் பேசுவதற்குப் பெரிய பொருள்கள் பல இருக்க, அலங்காரத்தைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் எண்ணக்கூடும். திருவிழாச் செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அவ்வாறு எண்ண மாட்டார்கள். பக்தியும் பணமும் உழைப்பும் ஒருசேரக் கொட்டப்படும் இடங்களுள் அலங்காரமும் ஒன்று. திருவிழா முடிந்த பின்னர் அதிகமான குப்பையை விட்டுச் செல்வதும் அதுவே.

விழாக் காலத்தில் ஆலயத்தின் முன்புறத்தைக் காணாதவர் இல்லை. விழா முடிந்த மறுநாள் காலையில் அதே ஆலயத்தின் பின்புறத்தைக் காண்பவர் மிகச் சிலரே. காவலரும் கூட்டிப் பெருக்கும் பணியாளரும்தாம் அதனைக் காண்கின்றனர். முந்தின இரவு சுவாமிக்குப் பின்னே தாமரையாகவும் மயில் தோகையாகவும் விளங்கிய பொலிஸ்டிரின் அட்டைகள் அங்கே முறிந்து கிடக்கும். காற்றடித்தால் அவற்றின் வெண்மணிகள் உதிர்ந்து பக்கத்துக் கால்வாய்க்குள் பறக்கும். பிளாஸ்டிக் பூச்சரங்கள், ஜிகினாத் தாள்கள், பலூன்கள், மேசை விரிப்புகள் யாவும் கறுப்புப் பைகளில் அடைபட்டுக் குப்பை லாரிக்காகக் காத்திருக்கும். லாரி வருவதற்கு இரண்டு நாள் தாமதமானால் அவற்றின் மடிப்புகளில் மழைநீர் தேங்கும். தேங்கிய தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்கு எத்தகைய வாழ்விடம் என்பதை, டிங்கிக் காய்ச்சலால் அல்லலுற்ற குடும்பங்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை.

அந்தக் குவியலில் வாழைமரமும் மாவிலையும் தென்னோலையும் பூமாலைகளும் கிடக்கின்றன. அவை தனியே போடப்பட்டிருந்தால் சில மாதங்களில் மண்ணோடு மண்ணாகியிருக்கும். பிளாஸ்டிக்கோடு ஒரே பையில் கட்டப்பட்ட காரணத்தால் அவையும் குப்பைமேட்டுக்குப் பயணமாகின்றன. இறைவன் தோளில் கிடந்த மாலை உணவுப் பொட்டலத்தோடும் உடைந்த பலூனோடும் ஒரே பையில் போகின்றது. இதனைக் கண்டு மனம் வருந்தாத அடியார் இருக்க முடியாது. காணும் வாய்ப்புத்தான் பலருக்குக் கிட்டுவதில்லை.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்த்தல் நலம். யாகசாலையில் கும்பம் வைக்கப்படுகின்றது. அதன் வாயில் மாவிலை, மாவிலையின்மேல் தேங்காய், அதனோடு தர்ப்பைக் கூர்ச்சம். மலிவானது, பல ஆண்டு உழைக்கக் கூடியது என்று சொல்லி ஒருவர் பிளாஸ்டிக் மாவிலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எந்தக் குருக்களும் அதனைக் கும்பத்தில் வைக்க ஒப்பார். கொண்டு வந்தவரே கூச்சப்படுவார். ஆனால் அதே மாவிலை பத்தடி தள்ளி வாசல் நிலையில் தோரணமாகத் தொங்கும்போது மட்டும், அது பிளாஸ்டிக்காக இருந்தால் பாதகமில்லை என்று எப்படியோ ஓர் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. சாத்திரம் காவல் நிற்கும் இடத்தில் பிளாஸ்டிக் நுழையவில்லை. காவல் இல்லாத இடமெல்லாம் நுழைந்துவிட்டது.

ஆலய அலங்காரத்திற்குத் தொன்றுதொட்டுப் பயன்பட்டு வந்த பொருள்கள் இருவகையின. ஒருவகை, வாடிப் போவன: பூ, இலை, ஓலை, குருத்து, வாழை, கரும்பு, அரிசி மாக் கோலம் முதலியன. மற்றொரு வகை, நிலைத்து நிற்பன: வெள்ளிக் கவசம், பித்தளைக் குத்துவிளக்கு, மரத்தில் செதுக்கிய வாகனம், தேரில் தொங்கும் துணித் தொம்பை, பட்டுத் திரைச்சீலை முதலியன. வாடுவது மண்ணுக்குப் போயிற்று. நிலைப்பது பெட்டிக்குள் போய், அடுத்த ஆண்டு மீண்டும் வெளியே வந்தது. இவ்விரண்டிலும் குப்பை என்ற ஒன்றுக்கு இடமே இருந்ததில்லை. பிளாஸ்டிக் அலங்காரமோ இவ்விரண்டு வகையிலும் அடங்கவில்லை. பூவைப் போல ஒரே இரவுக்குப் பயன்படுகின்றது. வெள்ளியைப் போல அழியாமல் கிடக்கின்றது.

சாத்திய பூவைக் களைந்த பின்னரும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதற்கு நிர்மாலியம் என்று பெயர். சிவாலயங்களில் சிவநிர்மாலியம் சண்டிகேசுவரருக்கு உரியதென்று வைத்துள்ளனர். காலில் மிதிபடாத இடத்தில், மரத்தடியில் அல்லது ஓடும் நீரில் அதனைச் சேர்ப்பது முன்னோர் வழக்கம். (இன்றைய ஆறுகளின் நிலையில் நீரில் விடும் வழக்கத்தைக் கைவிடுவதே முறை. மரத்தடி போதும்.) பிளாஸ்டிக் பூ நிர்மாலியம் ஆவதில்லை. அது வாடுவதில்லை ஆதலின் களையவேண்டிய நாளும் அதற்கு இல்லை. நிறம் மங்கிப் புகை படிந்து தூசியேறி ஆண்டுக்கணக்கில் சன்னதி வாசலில் தொங்குகின்ற சரங்களைக் கண்டிருப்பீர்கள். வீட்டுக்கு வரும் விருந்தினருக்குப் பழைய பூவை நீட்ட எவருக்கும் மனம் வராது.

இந்த மாற்றம் ஏன் ஏற்பட்டது என்பதையும் நியாயமாக நோக்க வேண்டும். அதனைச் சோம்பல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட இயலாது. தோட்டப்புறங்களில் மக்கள் திரளாக வாழ்ந்த காலத்தில் லயத்திற்கு அருகிலேயே தென்னையும் மாவும் வாழையும் நின்றன. திருவிழாவுக்கு முதல் நாள் மாலையில் பால்வெட்டி முடித்துக் குளித்து வந்த ஆடவர் ஓலை வெட்டிக் கொண்டு வருவர். முதியவர்கள் ஆலயத் திண்ணையில் அமர்ந்து கிழித்து மடிப்பர். சிறுவர்கள் கயிற்றில் கோப்பர். பால்மரக்காடுகள் செம்பனைக் காடுகளாக மாறின. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர். எட்டாவது மாடியில் வாழும் குடும்பம் தென்னங்குருத்துக்கு எங்கே போகும்? கடையில் சில வெள்ளிக்கு ஆயத்தத் தோரணம் தொங்கும்போது அதனை வாங்கியவர்மீது குற்றம் காண்பது எளிது. ஓலை கிடைக்கும் வழியை அவருக்குக் காட்டியவர் யார் என்பதையும் உடன் கேட்க வேண்டும்.

இழந்தது ஓலை மட்டுமன்று. குருத்தோலையை வகிர்ந்து, மடித்து, குருவி வைத்து, வால் விட்டுத் தோரணம் செய்வது ஒரு கைவேலை. மங்கல நிகழ்ச்சிக்குரிய தோரணத்திற்கும் அமங்கல நிகழ்ச்சிக்குரிய தோரணத்திற்கும் அம்மடிப்பிலேயே வேறுபாடு உண்டு. பழகிய முதியவர் ஒருவர் தெருமுனையில் நின்றே இது கலியாண வீடு, இது துக்க வீடு என்று சொல்லிவிடுவார். இயந்திரம் அச்சடித்த தோரணத்திற்கு இந்த வேறுபாடு தெரியாது. இக்கைவேலையை அறிந்தவர்கள் இன்று பெரும்பாலும் அறுபது, எழுபது அகவையைக் கடந்தவர்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள இன்னும் எத்தனை திருவிழாக்கள் எஞ்சியுள்ளன என்பதை ஒவ்வோர் ஆலயமும் எண்ணிப் பார்க்கட்டும்.

அலங்காரம் எளிமையாயின் இறைவனுக்குக் குறை நேர்ந்துவிடுமோ என்னும் அச்சம் சிலருக்கு உண்டு. அந்த அச்சத்துக்குச் சமயத்தில் இடமில்லை. விநாயகருக்கு அருகம்புல்லும் எருக்கும், சிவபெருமானுக்கு வில்வமும் கொன்றையும், திருமாலுக்குத் துளசி, அம்மனுக்கு வேப்பிலை, முருகனுக்கு வெட்சி என்று முன்னோர் வகுத்தவற்றுள் விலையுயர்ந்த பொருள் எது? புல்லையும் எருக்கையும் எவரும் வளர்ப்பதுகூட இல்லை. வெட்சி என்பது வேறெதுவுமன்று. மலேசியச் சாலையோரங்களிலும் பள்ளி வேலிகளிலும் செக்கச் செவேலென்று ஆண்டு முழுவதும் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் செடிதான். இட்லிப்பூ என்று சொன்னால் தாய்மார்களுக்கு உடனே விளங்கும். முருகனுக்குரிய மலர் வேலியில் பூத்திருக்க, அவன் சன்னதியில் பிளாஸ்டிக் ரோஜா தொங்குவது விந்தையே.

அறுபத்து மூவருள் ஒருவராகிய முருக நாயனார் ஆலயம் எழுப்பியவர் அல்லர். பொன்னும் பொருளும் அளித்ததாகவும் அவர் வரலாறு கூறவில்லை. திருப்புகலூரில் வாழ்ந்த அவர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூக்களையும் பறித்து, வகைவகையான மாலைகளாகத் தொடுத்துச் சாத்தினார். அந்தத் தொண்டுக்காகவே சேக்கிழார் பெரிய புராணத்தில் அவருக்கு இடம் அளித்தார். அலங்காரம் செய்வதே ஒரு வழிபாடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. விலைக்கு வாங்கி ஆணியில் மாட்டும் அலங்காரத்தில் அந்த வழிபாட்டுக்கு இடம் எங்கே?

அவ்வாறாயின் இயற்கைப் பொருள் எதுவாயினும் நன்று என்று முடிவு செய்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. தென்னைக்கு உச்சியில் வளர்முனை ஒன்றே உண்டு. அதனைச் சிதைத்துவிட்டால் மரம் பட்டுப்போகும். குருத்தை மீண்டும் மீண்டும் வெட்டினால் மரம் நலியும். ஆகவே ஒரே மரத்தை ஆண்டுதோறும் மொட்டையடித்துவிட்டுப் பசுமை பேசுவது பொருந்தாது. கட்டுமானத்திற்காகச் சாய்க்கப்படும் தென்னைகளின் குருத்தை உரியவரிடம் கேட்டுப் பெறலாம். பச்சோலையிலும் தோரணம் கட்டலாம். வெண்மை குறையுமேயன்றி மங்கலம் குறையாது. வாழையின் நிலை வேறு. அது ஒரு முறை குலை தள்ளியபின் தாய்மரம் மடிவது இயல்பு. பக்கக் கன்று தொடர்ந்து வளரும். குலை தள்ளிய மரத்தை வாசலில் கட்டுவதால் இழப்பொன்றுமில்லை. குலை தள்ளாத இளமரங்களை அழகுக்காக வெட்டுவதுதான் வீண்.

பூவின் நிலையும் இத்தகையதே. கேமரன் மலையில் விளையும் செவ்வந்தி லாரியில் இறங்கி வருகின்றது. தமிழ்நாட்டு மல்லிகை விமானத்தில் வருகின்றது. சுவாமிக்குச் சாத்த மல்லிகை வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. தூணுக்கும் கம்பிக்கும் கைகழுவும் இடத்திற்கும் விமானமேறி வந்த மல்லிகை வேண்டுமா என்பதே வினா. மேலும், மாலையைக் கட்டும் நாரைக் கவனிக்க வேண்டும். வாழைநாரிலோ பருத்தி நூலிலோ தொடுத்த மாலை அப்படியே எருக்குழிக்குப் போகலாம். நைலான் நூலும் ஜிகினாச் சரிகையும் சேர்ந்த மாலையைப் பிரித்துப் பிரித்துத்தான் போட வேண்டும். பிரிப்பவர் எவரும் இல்லை. பூக்கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வைத்தால் நூல் மாறிவிடும்.

ஆலயக் கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் பூக்களை உடனே தூக்கியெறிய வேண்டும் என்று எவரேனும் சொன்னால் அதனையும் ஏற்க இயலாது. வாங்கியது வாங்கியாயிற்று. நல்ல நிலையில் உள்ளவற்றைக் கழுவி, சன்னதிக்கு வெளியே, பந்தலிலும் உணவுக் கூடத்திலும் பயன்படுத்தலாம். மேலும் வாங்காதிருத்தலே முதல் படி. இன்றே எல்லாவற்றையும் குப்பையில் கொட்டுவது, குப்பையைக் குறைக்கப் புறப்பட்டவர் செய்யத் தக்க செயலன்று.

இனி, சற்றுக் கசப்பான செய்தி. அலங்காரம் இவ்வளவு பெருகியதற்குப் பொருள்கள் மலிந்தது பாதிக் காரணமே. மறுபாதி உபயங்களுக்கிடையே நிலவும் போட்டி. முதல் நாள் உபயத்தார் சுவாமிக்குப் பின்னே ஒரு மயிலை நிறுத்தினால், மூன்றாம் நாள் உபயத்தார்க்கு இரண்டு மயிலும் ஒரு மலையும் தேவைப்படுகின்றன. ஏழாம் நாள் நீர்வீழ்ச்சி பாய்கின்றது. ஒவ்வோர் இரவும் முன்னையது உடைத்தகற்றப்பட்டுப் புதியது எழுகின்றது. பத்து நாள் திருவிழாவில் பத்துப் பின்னணிகள்! ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் உபயம் அதற்குப் பெருமைக்குரியது. அந்த உணர்வை எவரும் புண்படுத்தலாகாது. ஆனால் பக்தர்கள் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போகும்போது, படத்தில் பாதியிடத்தைப் பொலிஸ்டிரின் மயிலும் மீதியை விளக்குச் சரமும் அடைத்துக்கொள்ள, உற்சவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கின்றதே, அதனையும் உபயக்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொலிஸ்டிரின் என்பது பெரும்பகுதியும் காற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் காற்றே. எடை சிறிது, இடம் பெரிது. ஆதலால் அதனைச் சேகரித்து மறுசுழற்சி செய்ய முன்வருவோர் அரிது. எரித்தால் கரும்புகையும் நச்சு ஆவியும் எழும். சில இடங்களில் விழா முடிந்த இரவே ஆலயத்தின் பின்னால் இவற்றைக் கொளுத்திவிடும் பழக்கம் உண்டு. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ்த் திறந்தவெளியில் குப்பை எரிப்பது குற்றம் என்பது நினைவில் இருக்கட்டும். யாகத் தீ வேறு, குப்பைத் தீ வேறு.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் வழியில்லை. பினாங்கு மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு வாரத்தில் ஒரு நாள் இலவசப் பிளாஸ்டிக் பை நிறுத்தப்பட்டது; 2011 முதல் அது எல்லா நாளுக்கும் விரிந்தது. கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களில் பொலிஸ்டிரின் உணவுப் பொட்டலங்களுக்கு 2017ஆம் ஆண்டில் தடை வந்தது. ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்கை ஒழிக்க 2018 முதல் 2030 வரைக்கான தேசியத் திட்டமும் வகுக்கப்பட்டது. இவை பெரும்பாலும் பையையும் உணவுப் பொட்டலத்தையும் நோக்கியவை. நாசி லெமாக் கட்டித் தரும் பொலிஸ்டிரின் பெட்டிக்குத் தடை இருக்க, ஆறடி உயர மயில் தடையின்றி நிற்கின்றது. அதனை நிறுத்துவதற்கு அதிகாரி வர வேண்டியதில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

காவடியைப் பற்றியும் ஒரு சொல். பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. முன்னாளில் காவடி என்றால் வளைந்த மரமும் சிவப்புத் துணியும் மயிற்பீலியும் சிறு மணிகளுமே. இன்று உலோகச் சட்டமும் அதன்மேல் செதுக்கி வண்ணமடித்த பொலிஸ்டிரின் உருவங்களுமாகப் பல காவடிகள் வருகின்றன. உலோகச் சட்டம் ஆண்டுதோறும் பயன்படுகின்றது, அதில் குறையில்லை. ஒரு நாள் கழித்து உடையும் உருவங்களுக்குப் பதிலாகத் துணி, மூங்கில், பனையோலை, வண்ணக் காகிதக் கூழ் ஆகியவற்றால் செய்யும் இளைஞர்கள் முன்வந்தால், அவர்களை ஆலயங்கள் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். இளைஞரிடம் கலைத்திறன் நிரம்ப உண்டு. கையில் கொடுக்கும் பொருள்தான் மாற வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். நிர்வாகமே ஒரு பொதுப் பின்னணியை மரத்தாலும் மூங்கிலாலும் செய்து, பத்து நாளுக்கும் அதனையே நிறுத்தலாம். நாளுக்கு ஒரு நிறமாகப் பட்டோ பருத்தியோ திரைச்சீலை மாறட்டும். தொம்பைகளை ஒரு முறை வாங்கிவிட்டால் பேணுவதைப் பொறுத்துப் பல ஆண்டுகள் உழைக்கும். உபயக்காரரின் தனித்தன்மை சுவாமியின் திருமேனி அலங்காரத்தில் விளங்கட்டும். அங்கேதான் அது விளங்கவும் வேண்டும். பின்னணியில் மிச்சப்படும் பணத்தை அன்னதானத்திற்கோ அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கோ உபயக்காரர் பெயராலேயே அளிக்கலாம். பந்தல் அலங்காரத் தொழில் செய்யும் நம் இளைஞர்களின் வருவாய் என்னாகும் என்று கேட்பது நியாயம். ஓலையும் துணியும் கட்டுவதற்கும் கை வேண்டும், கூலி உண்டு. பொருளுக்குப் போகும் பணம் குறைந்து உழைப்புக்குப் போகும் பணம் கூடும்.

விளக்கைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பழைய குண்டு விளக்குகளைவிட எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிகின்றன. பல ஆலயங்கள் ஏற்கெனவே மாறிவிட்டன. நடை சாத்திய பின் விடியும்வரை எரியவிடுவதை நிறுத்தினால் அதுவும் மிச்சம். பக்தர்கள் ஏற்றும் விளக்கு மட்டும் மீண்டும் களிமண் அகலாகட்டும்.

ஆலயத்துக்குச் சிறிதளவேனும் நிலம் இருப்பின் நந்தவனம் என்னும் பழைய சொல்லுக்கு உயிர் கொடுக்கலாம். மலாயன் குட்டை என்னும் தென்னை இந்நாட்டின் பெயரையே தாங்கி உலகெங்கும் வளர்வது. இளமையில் அதன் ஓலை ஏணியின்றிக் கைக்கெட்டும். நான்கு தென்னை, ஒரு மா, வேலியோரம் வெட்சி, நந்தியாவட்டை, துளசி. அதன் மூலையில் ஓர் எருக்குழி. நிலமில்லாத ஆலயத்திற்குத் தொட்டிகள் உண்டு. வாடிய பூவும் கிழித்த ஓலையும் காய்ந்த சருகோடு மாறி மாறிக் குழியில் விழுந்து, அவ்வப்போது கிளறிவிடப்பட்டால், இந்நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில மாதங்களில் எருவாகும். நிர்மாலியம் மரத்தடியில் சேர வேண்டும் என்ற பழைய விதியும் அத்தோடு நிறைவேறும். திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தி ஆலயங்களைத் துப்புரவு செய்ததைப் போற்றுவோர், விழாவின் மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம் வந்து நூலையும் பூவையும் பிரித்துக் கொடுத்தால், கூட்டிப் பெருக்கும் பணியாளரின் முதுகு சற்று நிமிரும்.

இவையனைத்தையும் ஓராண்டில் செய்து முடிக்க இயலாது. இவ்வாண்டுக்கு ஒன்றே ஒன்றைத் தொடங்கலாம். கொடியேற்றத்திற்கு முதல் நாள் மாலையில் ஆலய மண்டபத்தில் பாய் விரித்து, தோரணம் கட்டத் தெரிந்த பெரியோர்களை அழைத்து அமர்த்துங்கள். அவர்கள் வர இயலாதவர்களாயின் பேரப்பிள்ளைகள் காரில் அழைத்து வரட்டும். ஓலையை வகிர்வதற்குப் பெரியவர் கையில் ஒரு கத்தி போதும். மடிப்பதற்கு விரல்கள்தாம் கருவி. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து, முதலில் மங்கலத் தோரணத்தின் மடிப்பைக் கற்கட்டும். முதல் பத்துத் தோரணங்கள் கோணலாகத்தான் வரும். அவற்றையும் கழித்துவிடாமல் மூலவர் சன்னதியின் வாசலிலேயே கட்டுங்கள்.